மழைக்காலத்துத் துணிகளும் அத்தாவின் விரிப்பும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்து வீடுகளின் கொல்லைப்புறம் வெறிச்சோடிப் போகும். வேம்புக்கும் முருங்கைக்கும் இடையே கட்டிய கொடியில் மழைத்துளிகள் மட்டும் வரிசையாகத் தொங்கும். துணிகளெல்லாம் வீட்டுக்குள் குடியேறிவிடும். ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, கதவின் மேல்விளிம்பு என ஒன்றும் மிஞ்சாது. மூன்று நாள் காற்றாடியின் கீழ் கிடந்தும் ஈரம் போகாத துணியில் ஒரு புளித்த வாடை ஏறும். வடகிழக்குப் பருவமழையை அறிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை ஆண்டுகளாக அதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தோம். அத்தா படுக்கையில் விழுந்த பிறகுதான் பொறுக்க முடியாமல் போனது.

அத்தா 1974இல் சுரங்க வேலைக்குச் சேர்ந்தவர். பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கும் பகுதியில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பின்னும் அவர் விடாதது தொழுகை ஒன்றைத்தான். படுத்தபடியே, தலையசைவால் தொழுவார். ஆனால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவருக்குக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வக்துக்கும் கைலி மாற்ற வேண்டும். பெரும்பாலும் விரிப்பையும் மாற்ற வேண்டும். ஒரு நாளில் 5 கைலிகளும் 4 விரிப்புகளும் சேர்ந்துவிடும். வெயில் காலத்தில் அது பெரிதல்ல. கார்த்திகை மாதத்தில் அந்தக் கணக்கு எங்களைத் தோற்கடித்தது.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, மாற்றுவது பெருஞ்சிரமமாகும்போது இருக்கிற நிலையிலேயே தொழலாம் என்று அவர் ஆறுதலாக விளக்கினார். அதை அத்தாவிடம் சொன்னோம். நாக்குக் குழறியபடி அவர் சொன்ன பதில் இது: “சலுகை அல்லாஹ் கொடுத்தது. சோம்பல் நம்மளோடது. துணி இருந்தா மாத்துங்கப்பா.” துணி இருந்தது, காய்ந்த துணிதான் இல்லை.

அப்போதுதான் துபாயில் இருக்கும் தம்பி, சூட்டில் உலர்த்தும் ட்ரையர் ஒன்றை வாங்கும்படி சொன்னான். கடைக்குப் போய் ட்ரையர் என்று கேட்டதும் அவர்கள் காட்டியது இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினை. குற்றம் அவர்களுடையது அல்ல. நம் ஊரில் துணியைச் சுழற்றிப் பிழியும் பக்கத்துக்கே ட்ரையர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அது நீரை உதறித் தள்ளுமே தவிர உலர்த்தாது. தம்பி சொன்னது வேறு: சுழலும் உருளைக்குள் சூடான காற்றைச் செலுத்தி, ஈரத்தை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குழாய் வழியே வெளியேற்றும் அல்லது குளிர்வித்து நீராக ஒரு தொட்டியில் சேர்க்கும் இயந்திரம். நாங்கள் இரண்டாவது வகையை வாங்கினோம். குழாய் வகையை வாங்கிக் குழாயை வெளியே விடாமல் வைத்தால், துணியின் ஈரம் வீட்டுச் சுவருக்கு மாறுமேயன்றி ஒழியாது.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தோம். அதற்கு இயந்திரமும் பொறுப்பல்ல, கடையும் பொறுப்பல்ல. எங்கள் அவசரம்தான் பொறுப்பு. அத்தாவின் விரிப்புகள், துண்டுகள், அம்மாவின் தொழுகைத் துப்பட்டி, பேத்தியின் உடுப்பு என எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து, அதிகச் சூட்டில், அதிக நேரம் ஓடவிட்டோம். திறந்தபோது விரிப்புகளின் நடுப்பகுதி ஈரமாகவே இருந்தது. பேத்தியின் லெகிங்ஸ் தளர்ந்து துவண்டிருந்தது. அம்மாவின் துப்பட்டி சுருங்கிப் போயிருந்தது. ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்துச் சென்ற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துப்பட்டி அது. அன்று முதல் ஐவேளையும் அதைத்தான் அணிந்து வந்தார். அதை அணிந்து கைகளை நீட்டிப் பார்த்தார். மணிக்கட்டு வெளியே தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மடித்து வைத்துவிட்டு, பீரோவிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு லுஹர் தொழப் போனார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் துணியைப் பற்றிப் படிக்கவும் கேட்டறியவும் தொடங்கினோம். எத்தனையோ ஆண்டுகளாக உடுத்தும் பொருளைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்பது வியப்பாக இருந்தது.

பருத்தி நீரைக் குடிக்கும் நார். நூல் நூற்கும்போதும் நெய்யும்போதும் அது இழுத்துப் பிடிக்கப்படுகிறது. வெந்நீரும் சூடும் உருளையின் குலுக்கலும் சேரும்போது அந்த இழுவை தளர்ந்து நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. சுருங்குவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே, பலமுறை வெளுத்து அடங்கிப்போன தடித்த பருத்தியாகிய துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றுக்கு அதிகச் சூடு தகும். மெல்லிய வாயில் துணிக்கும், பின்னலாடையான பனியனுக்கும் குறைந்த சூடே தகும்; அதிலும் சற்றே ஈரமிருக்கையில் எடுத்து உதறி, இழுத்துவிட்டு, நிழலில் போட வேண்டும். அத்தாவின் கைலிகளில் பருத்திக் கைலிகள் நடுத்தரச் சூட்டைத் தாங்கின. புதுக்கைலியை முதலிரண்டு முறை தனியே துவைக்காமல் இயந்திரத்தில் சேர்க்கவே கூடாது. சாயம் விடும் கட்டம்போட்ட கைலி ஒன்று அத்தாவின் வெள்ளை ஜிப்பாவை வெளிர்நீலமாக்கியது இன்னொரு கதை.

பாலியெஸ்டர் இதற்கு நேர்மாறு. அது நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். ஈரம் நூல்களுக்கு இடையே நின்றிருக்கும், அவ்வளவே. எனவே குறைந்த சூட்டில், குறைந்த நேரத்தில் உலர்ந்துவிடும். பருத்தி விரிப்புகளோடு சேர்த்துப் போட்டால், விரிப்பு காய்வதற்குள் இது வெந்துபோகும். சூட்டில் அந்த நார் இளகும். இளகிய நிலையில் மடிந்து கிடந்தால் அந்தச் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும், பிறகு இஸ்திரிப் பெட்டிக்கும் எளிதில் அடங்காது.

நம் பெண்களின் புர்காக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நிதா, கிரேப், ஜார்ஜெட் என்று கடையில் எந்தப் பெயரில் விற்றாலும் பெரும்பாலும் அடிப்படை நார் பாலியெஸ்டரே. அதை அளவுக்கு மீறி உலர்த்தினால் நிலைமின்னேற்றம் உண்டாகி, நடக்கும்போது உடலோடு ஒட்டும். உடல் வடிவம் தெரியாதிருக்க அணியும் ஆடை உடலோடு ஒட்டுவதைவிடச் சங்கடம் வேறில்லை. துண்டுகளோடு சேர்த்துப் போட்டாலோ, கறுப்புத் துணி முழுவதும் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கல் பதித்த புர்காவை இயந்திரத்தில் போடவே வேண்டாம். சூட்டில் உருகும் பசையால்தான் பல கற்கள் ஒட்டப்படுகின்றன. எங்கள் வீட்டில் புர்காவை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஹேங்கரில் மாட்டி, காற்றாடியின் கீழ் விட்டுவிடுகிறோம். இரவு போட்டால் காலையில் காய்ந்திருக்கும். அதற்கு ட்ரையரே தேவையில்லை.

பட்டுக்கும் கம்பளிக்கும் அந்த உருளைக்குள் இடமில்லை. கம்பளி நாரின் மேல் மீன்செதில் போன்ற செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் குலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னி, சால்வை கெட்டியான விரிப்பாகிவிடும். பட்டு பளபளப்பை இழக்கும், சரிகை நொறுங்கும். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பதால் நம் வீடுகளில் பட்டுப் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று அத்தா முன்பு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த விலக்கை மதித்தே, வெளிப்புறம் பட்டும் உடலைத் தொடும் உட்புறம் பருத்தியுமாக மஷ்ரூ என்ற துணியை நெய்தார்கள். குஜராத்தின் பட்டணில் இன்றும் அந்த நெசவு உயிரோடிருக்கிறது.

ரேயான் குர்த்திகளும் விஸ்கோஸ் ஹிஜாப்களும் ஏமாற்றும் வகை. தொட்டால் பருத்திபோல இருக்கும். நனைந்தால் வலுவிழந்துவிடும், சூட்டில் நன்றாகவே சுருங்கும். தொழுகை விரிப்பான முசல்லாவில் அடிப்பக்கம் ரப்பர் பூச்சு இருந்தால் இயந்திரத்தில் போடக் கூடாது. பின்னல் தொப்பிகளை அம்மா முன்பிருந்தே கவிழ்த்த கிண்ணத்தின்மேல் மாட்டிக் காயவைப்பார். அதைவிடச் சிறந்த வழி எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

துணியின் உட்பக்கத்தில் தைத்திருக்கும் சிறு பட்டையைப் பார்க்க வேண்டும். ஒரு சதுரமும் அதனுள் ஒரு வட்டமும் இருந்தால் அது ட்ரையருக்கான குறி. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, அதாவது வெளியேறும் காற்று 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இரண்டு புள்ளி இருந்தால் 80 டிகிரி வரை தாங்கும். பெருக்கல் குறி போட்டிருந்தால் போடவே கூடாது. ஆனால் நம் வீட்டுத் துணிகளில் பாதி தையற்காரர் தைத்தது. பட்டைக்கு எங்கே போவது? அம்மாவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தையலோரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவார். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. (ரேயானும் அப்படியே எரியும், அதனால் சந்தேகமானால் குறைந்த சூடு.) உருகிக் கறுத்து மணிபோல உருண்டால் பாலியெஸ்டர். முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை அத்தாவிடமிருந்து கற்றோம். ஒரு நாள் சமையலறையின் எண்ணெய்த் துணிகளை ட்ரையரில் போட்டு எடுத்து, சூடாறாமலே கூடையில் குவித்து அவர் கட்டிலருகே வைத்துவிட்டோம். எண்ணெய் வாடையோடு சூட்டையும் உணர்ந்த அவர், இடக்கையால் கூடையைத் தள்ளிக் காட்டி, “பிரிச்சுப் போடு, குவிக்காத” என்று பதறினார். காரணம் பிறகுதான் புரிந்தது. பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால், காற்றின் ஆக்ஸிஜனோடு மெல்லச் சேர்ந்து, உள்ளுக்குள்ளே சூடேறி, யாரும் பற்றவைக்காமலே புகையத் தொடங்கும். அந்தச் சூட்டைக் கண்காணிப்பதிலேயே அத்தாவின் பணிக்காலம் கழிந்திருந்தது. எண்ணெய் ஊறிய துணிக்கும் அதே இயல்பு உண்டு. துவைத்தாலும் எண்ணெய் முழுதும் போகாது. சூடான குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றக்கூடும். ட்ரையர் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் சுழல்வது இதற்காகத்தான். அதை நடுவில் நிறுத்தி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பஞ்சுவடிகட்டியைத் துடைப்பதும் அப்படியே. சேர்ந்துபோன பஞ்சு, சூடான காற்றின் பாதையில் கிடக்கும் எரிபொருள். எண்ணெய்த் துணிகள் எங்கள் ட்ரையருக்குள் அதற்குப் பிறகு போனதே இல்லை.

நெய்வேலியில் வாழ்பவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது முதல் இவ்வூரின் பிழைப்பே அதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி வெறும் நீர். அது எரிவதற்கு முன் கொதிகலனின் சூடான வாயுவாலேயே உலர்த்தப்பட வேண்டும். அதாவது நம் துணியின் ஈரத்தைப் போக்க, மண்ணுக்கடியிலிருந்து வந்த ஓர் ஈரத்தை முதலில் போக்கியாக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் தேவை. இது இயற்கையின் விதி, எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. ஐந்து கிலோ பருத்தித் துணி, நன்றாகப் பிழிந்த பின்னும் சுமார் 3 லிட்டர் நீரைச் சுமந்திருக்கும். இழப்புகளையும் சேர்த்தால் ஒரு முறை ஓட்ட மூன்று யூனிட் வரை ஆகும்; அதாவது மூன்று கிலோ நிலக்கரி. வெப்பப் பம்பு வகை ட்ரையர், வெளியேறும் சூட்டையே திரும்பப் பயன்படுத்துவதால் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் வேலையை முடிக்கும். சூடும் குறைவு என்பதால் துணிக்கும் நல்லது. ஆனால் விலை அதிகம், நேரமும் கூடுதல். எங்களால் அப்போது அதை வாங்க இயலவில்லை.

ஓடும் ஆற்றின் கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். வாஷிங் மெஷினில் பிழியும் வேகத்தை, துணி தாங்கும் அளவுக்கு உயர்த்திவிடுகிறோம். சுழற்றி உதறும் நீருக்கு ஆகும் மின்சாரம், அதே நீரை ஆவியாக்க ஆவதில் மிகச் சிறு பங்குதான். தடித்தவை தனி, மெல்லியவை தனி. உருளையில் பாதிக்குமேல் நிரப்புவதில்லை. இஸ்திரி போடும் துணியை முழுதும் உலர்த்துவதில்லை. வெயில் அடித்தால் எத்தனை சிறு வெயிலாயினும் கொடிதான். மார்கழிப் பனி வடிந்த பிறகு, முற்பகலில் மூன்று மணி நேரம் அடிக்கும் வெயிலுக்கு ஈடாக எந்தப் பொத்தானும் அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். குவார்ட்டர்ஸ் வீடுகளில் கொடி பலர் பார்வையில் படும் இடத்தில் இருக்கும். நம் பெண்கள் தங்கள் உள்ளாடைகளைத் துண்டின் அடியிலோ, இருட்டு அறையிலோதான் காயப் போடுகிறார்கள். அவை ஒருபோதும் சரியாகக் காய்வதில்லை. தோல் நோய்க்கு அது ஒரு வாசல். வெட்கத்தின் பெயரால் நாம் பேசாமல் விட்ட உடல்நலப் பிரச்சினை இது. வலைப்பையில் போட்டுக் குறைந்த சூட்டில் உலர்த்தலாம். அல்லது வீட்டு ஆண்கள் கொல்லையில் ஒரு மறைப்பைக் கட்டித் தரலாம். அதற்கு ஒரு ரூபாய் மின்சாரமும் ஆகாது. நாங்கள் அதை இத்தனை ஆண்டுகள் கழித்து, ட்ரையர் வாங்கிய பிறகுதான் செய்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சிலர் எங்களிடம் கேட்டார்கள்: அவ்வளவு சூட்டில் உலர்ந்தால் நஜீஸ் போய்விடாதா? போகாது. இதையும் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்தோம். தரையில் பட்ட அசுத்தம் காய்ந்து அடையாளம் மறைந்துவிட்டால் அங்கே தொழலாம் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். துணிக்கு அது பொருந்தாது. துணியைத் தூய்மையாக்குவது நீர். கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் என்றால் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். ஆகவே அத்தாவின் துணிகளை முதலில் குழாயடியில் தனியே அலசிவிட்டுத்தான் வாஷிங் மெஷினில் போடுகிறோம். அங்கும் அலசும் சுற்றைக் கூட்டி வைக்கிறோம். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் தங்கள் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்ளலாம். ட்ரையரின் வேலை ஈரத்தைப் போக்குவது மட்டுமே.

அம்மா சிறுவயதில் மழைக்காலக் குழந்தைத் துணிகளைப் பஞ்சாரத்தின்மேல் விரித்து, அடியில் தணலும் சாம்பிராணியும் வைத்து உலர்த்தியதைப் பார்த்தவர். நெய்வேலிக்கு வாழ வந்த பின், இங்கே தயாரான லெக்கோ கரி எரிந்த அடுப்பின் அருகில் அதே வேலையைச் செய்தார். கதவை அடைத்து வைத்து அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து என்பது அன்று பலருக்குத் தெரியாது. புதிய இயந்திரத்தைப் பார்த்து அவர் மலைக்கவில்லை. “பஞ்சாரத்துக்கு மோட்டார் வச்சிருக்கான்” என்றார். இப்போது எங்களைவிட அவருக்குத்தான் அதன் பொத்தான்கள் நன்றாகப் பழகியிருக்கின்றன.

சுருங்கிய துப்பட்டியை அவர் வீணாக்கவில்லை. மழை ஓயாத ஓர் இரவில் அதைப் பிரித்து, அத்தாவுக்கு இரண்டு தலையணை உறைகளாகத் தைத்துவிட்டார். மெல்லிய துணியாதலால் அவர் கன்னத்தில் உறுத்தாமல் இருக்கிறது. அவற்றைக் குறைந்த சூட்டில்தான் போட வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் சுபுஹுக்கு முன், ட்ரையரிலிருந்து எடுத்த விரிப்பைச் சூடாறும் முன்பே அத்தாவின் அடியில் விரித்தோம். வெளியே விடாமல் மழை. அவர் இடக்கையால் விரிப்பைத் தடவிப் பார்த்து, “வெயில் வந்துருச்சா?” என்று கேட்டார். அம்மா, “இல்லைங்க, பாங்கு சொல்லப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, தயம்முமுக்கான மண் தட்டை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

அத்தாவுக்காக துஆச் செய்யுங்கள்.